வயிற்றுக்குள் ஓர் அடுப்படி

இடக்கையை முட்டியாக மடக்கி, பசுவின் இடப்பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, கண்களை மூடி நிற்கிறார் டாக்டரம்மா. பசுவின் உரிமையாளர் தொண்டையைக் கனைக்கிறார். "உஷ்!" என்கிறார் கண்களைத் திறக்காமலே. சற்று நேரத்தில் உள்ளிருந்து ஏதோ ஒன்று அந்த முட்டியை மெல்ல வெளியே தள்ளுகிறது, பிறகு தளர்கிறது. கண்கள் திறக்கின்றன.

"உள்ள அடுப்பு எரியுது. சமையல் நல்லாத்தான் நடக்குது. நீங்கதான் வெளியில நின்னுகிட்டுப் பதறுறீங்க. ஆமா, கையில என்ன? எதுக்கு முதுகுக்குப் பின்னாடி போகுது?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா."

"அந்த ஒண்ணுமில்லாததக் காட்டுங்க."

சிவப்புத் திரவம் நிறைந்த பெரிய புட்டி வெளியே வருகிறது. அதன்மேல் ஒட்டிய படத்தில், மலையைத் தூக்கிவிட்டு வந்ததைப்போல ஒரு காளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து, தெருவின் எதிர்ப்புறத்தை நோக்கிக் குரல் கொடுக்கிறார்.

"அண்ணே! மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?"

எதிரே தீவனக்கடை. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பதில் வருகிறது: "வியாபார நேரத்துல வம்பு வளர்க்காத தங்கச்சி! கேக்குறாங்க, குடுக்குறேன்!"

"கேட்டா வெஷத்தையும் குடுப்பியா?"

"அதுக்கு லைசன்ஸ் இல்ல!"

கால்நடை மருந்தகமும் தீவனக்கடையும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் அந்தக் குறுகிய தெருவில்தான் என் வீடும் இருக்கிறது. ஆகவே இந்த உரையாடலைச் சிறு மாற்றங்களுடன் அடிக்கடி கேட்கும் பேறு எனக்கு வாய்த்திருக்கிறது. அண்ணன் மாட்டுக்குச் சத்து விற்பவர். தங்கை மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவர். ஒரே வயிற்றில் பிறந்த இருவர், மாட்டின் வயிற்றைப் பற்றி இப்படி ஓயாமல் சண்டையிடுவதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

டாக்டரம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. குள்ளமான, கெட்டியான உருவம். முழங்கால் வரை ரப்பர் காலணி. முன்னால் கட்டியிருக்கும் மேலங்கியில் எண்ணற்ற பைகள். ஒன்றில் கத்தரி, ஒன்றில் நூற்கண்டு, ஒன்றில் தமக்குப் பசித்தால் தின்பதற்கான ரொட்டித்துண்டு. அந்த ரொட்டி எந்தப் பையில் இருந்தது என்பதை அவர் மறந்துவிட்டுத் தேடும்போது பார்க்கிறவர்களுக்குப் பசி போய்விடும். வெப்பமானியின் முனையில் நூல் கட்டி, அந்த நூலில் துணி உலர்த்தும் கிளிப்பு ஒன்றை முடிந்துவைத்திருக்கிறார். கிளிப்பை மாட்டின் வால்மயிரில் மாட்டிவிடுவார். மாடு உதறினாலும் வெப்பமானி தரையில் விழாது. "ஒடஞ்சா வேற வராது. எழுதிப்போட்டா டானிக்தான் அனுப்புவானுங்க" என்பார்.

தொலைபேசியை எடுத்தால் வணக்கம் கிடையாது. "சாணி எப்படி இருக்கு?" என்பதே முதற்கேள்வி. ஒருமுறை வங்கியிலிருந்து அழைத்த பெண்ணிடமும் இதையே கேட்டு, அந்தப் பெண் பதறித் துண்டித்துவிட்டாள். டாக்டரம்மாவுக்கு அதிலும் கோபம்தான். "நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

ஊரார் அவருக்குச் சூட்டியிருக்கும் பெயர் 'சுடுதண்ணி'. அவர் வண்டியில் வரும்போது, "ஒதுங்கு, ஒதுங்கு, சுடுதண்ணி வருது" என்று மாடு பிடித்திருப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அவர் காதிலும் விழும். "சுடுதண்ணியாலதான்யா கிருமி சாகும்" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்.

அவருடைய கோபத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. காய்ச்சலுக்குக் கோபப்படமாட்டார். மாடு உதைத்தால் கோபப்படமாட்டார்; உதைத்த மாட்டிடம், "சரிதான், நானா இருந்தாலும் உதைப்பேன்" என்று சமாதானம் பேசுவார். அவரைக் கொதிக்கவைப்பது ஒன்றே ஒன்று: ஒரு பிராணி தானாகச் செய்துகொள்ளும் ஒன்றை அதற்கே விற்பது.

அதை விளக்குவதற்கு அவர் வைத்திருக்கும் உவமைதான் அடுப்படி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் முதல் இரைப்பை ஒரு பெரிய பானை; அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வேலை செய்கின்றன. தின்ற புல்லையும் வைக்கோலையும் அவை புளிக்கவைத்து உடைக்கும்போதே, பிராணிக்கு வேண்டிய பி வைட்டமின்களையும் தயாரித்துவிடுகின்றன. நாம் பி வைட்டமினைத் தேடித் தின்னவேண்டியவர்கள். அசைபோடும் பிராணி அதைத் தன் வயிற்றிலேயே சமைத்துக்கொள்கிறது.

"உள்ள கோடிக்கணக்கான சமையல்காரங்க இருக்காங்கய்யா. லீவு கெடையாது, சம்பள ஒசர்வு கேக்குறது கெடையாது. அவங்க செஞ்சு குடுக்கிறதவிட நல்ல பி வைட்டமின நீ புட்டியில வாங்கப் போறியா? பச்சையா, நாரா, ஒழுங்கா தீனி போடு. தாது உப்புக்கட்டி ஒண்ணு தொங்கவிடு. அவ்வளவுதான்."

"உப்புக்கட்டி எதுக்குங்க, அதான் எல்லாத்தையும் அதுவே செஞ்சுக்குதே?" என்று யாராவது மடக்கினால், அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. "எவ்வளவு நல்லா சமைக்கிறவளும் உப்பை வீட்டுல செய்ய முடியாதுல்ல? பி-12 செய்யக் கோபால்ட்டுன்னு ஒரு தாது கொஞ்சம் வேணும். மண்ணுல இருந்தா புல்லுல வரும். இல்லேன்னா உப்புக்கட்டியில வரணும்."

கன்றுகளைப் பொறுத்தவரை அவருடைய சட்டம் வேறு. பிறந்த கன்றுக்கு அந்தப் பானை இன்னும் வேலை தொடங்கியிருக்காது; அதற்கு பி வைட்டமின் பாலிலிருந்தே வரவேண்டும். பாலை முழுவதும் கறந்து விற்றுவிட்டுக் கன்றுக்குக் கஞ்சித்தண்ணீர் வைக்கிறவர்கள் அவரிடம் அகப்பட்டால் தெருவே கூடிவிடும். "அதுக்கு இன்னும் அடுப்பே பத்தவைக்கல! அதுக்குள்ள தனிக்குடித்தனம் வெச்சிட்டீங்களா?"

இந்தப் போதனைகளை மக்கள் கேட்டுக்கொள்வது எங்கே உட்கார்ந்து என்பதுதான் வேடிக்கை. மருந்தகத்தில் பெஞ்சு கிடையாது. ஆனால் பெட்டிகள் உண்டு. மேலிடத்து அலுவலகம், கேட்காமலே, பெட்டி பெட்டியாக பி வைட்டமின் டானிக்கை அனுப்பிக்கொண்டிருக்கிறது. 'உடனடியாக வழங்கித் தீர்க்கவும்' என்பது உடன்வரும் உத்தரவு. டாக்டரம்மா அவற்றைச் சுவரோரமாக அடுக்கி, மேலே சாக்கு விரித்துவிட்டார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் வைட்டமின்மேல் உட்கார்ந்து, வைட்டமின் வேண்டாம் என்ற பேச்சைக் கேட்கிறார்கள்.

அவர் மருந்தை மறுக்கும் பிடிவாதக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் வீட்டுப் பசுவுக்குக் குளம்பு மீண்டும் மீண்டும் வெடித்தபோது, பயோட்டின் என்ற பி வைட்டமினைத் தீவனத்தில் சேர்க்கும்படி அவரே சீட்டு எழுதிக்கொடுத்தார். "குளம்பு மெதுவாத்தான் வளரும். மாசக்கணக்காகும். நாளைக்கே வந்து என்கிட்ட நிக்காதீங்க" என்ற எச்சரிக்கையுடன். சீட்டைப் பெற்றுக்கொண்ட அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கடைச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிவிட்டார். "பாருங்க, எந்தங்கச்சியே எழுதிட்டா, பி வைட்டமின்!" என்று அதைக் காட்டிச் சிவப்புப் புட்டிகளை விற்றார். டாக்டரம்மா தெருவைக் கடந்து சென்று, சீட்டை உரித்து, நான்காகக் கிழித்து, அண்ணனின் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இனி, அந்தத் தெருவையே வாயடைக்கச் செய்த ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும்.

அண்ணனின் மனைவி, டாக்டரம்மாவின் அண்ணி, அதிகம் பேசாதவர். கடை கணவருடையது, வீடு மாமனாருடையது. கடைக்குப் பின்னாலிருக்கும் முற்றத்தில் கட்டிக்கிடந்த மூன்று கிடாக்கள் மட்டுமே அவருக்கென்று இருந்த உடைமை. குட்டிகளாக வாங்கி, ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்கவைத்து, தாமே புல்லறுத்துப் போட்டு வளர்த்தவை. அவற்றை விற்றுத்தான் மகளைச் செவிலியர் படிப்புக்கான விடுதியில் சேர்ப்பதென்று முடிவு செய்திருந்தார். கணவரிடம் அதற்காகக் கைநீட்டுவதில்லை என்பதிலும் உறுதியாக இருந்தார். காரணத்தை நான் கேட்டதில்லை. கடையில் அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

ஒருநாள் வழக்கமான வாக்குவாதத்தின் நடுவே, தங்கை அடுப்படி உவமையைச் சற்று விரிவாகவே எடுத்துரைத்தார். அண்ணன் வழக்கத்துக்கு மாறாக எதிர்த்துப் பேசாமல், முழுவதையும் கேட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். டாக்டரம்மாவின் முகத்தில் அன்று முழுவதும் வெற்றிக்களை. "ஒருவழியா மண்டையில ஏறிடுச்சு" என்று என்னிடம் சொன்னார்.

ஏறியதென்னவோ உண்மைதான். எப்படி ஏறியது என்பது பிறகுதான் தெரிந்தது.

குடற்புழு மருந்துக்காக எங்கள் கன்றைப் பிடித்துக்கொண்டு நான் மருந்தகத்தில் நின்ற ஒரு காலைப்பொழுதில், அண்ணி தெருவைக் கடந்து ஓடிவந்தார். முழங்கை வரை மாவு.

"ஏம்மா, கொஞ்சம் வந்து பாரேன். கிடாக்குக் கண்ணு தெரியல."

"எந்தக் கிடாக்கு அண்ணி? அந்தப் புட்டிப்பால் பயலுக்கா?"

"மூணுக்கும்."

"மூணுக்கும் ஒரே நேரத்துல கண்ணுல என்ன வரும்?"

"மாவுத்தூசி விழுந்துடுச்சுன்னு உங்கண்ணன் சொட்டு மருந்து விட்டாரு. கேக்கல. நேத்துலேருந்து டானிக்கும் ஊத்துறாரு. உன்னக் கூப்புடலாம்னேன். 'அவ வந்தா மருந்தா குடுப்பா, பிரசங்கம்தான் பண்ணுவா'ன்னு தடுத்துட்டாரு."

"சாணி எப்படி இருக்கு?"

"தண்ணியாப் போகுது. புளிச்ச நாத்தம்."

டாக்டரம்மாவின் முகத்திலிருந்த கேலி மறைந்துபோயிற்று. கையுறையைக் கழற்றாமலே பையை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் கன்றைத் தூணில் கட்டிவிட்டுப் பின்தொடர்ந்தேன்.

முற்றத்தில் கண்ட காட்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. ஒரு கிடா, மூலையில் சுவரோடு நெற்றியை வைத்து, சுவரைத் தள்ளிவிட முயல்வதைப்போல முட்டிக்கொண்டு நின்றது. புட்டிப்பால் குடித்து வளர்ந்த மற்றொன்று தலையைப் பின்னால் மடித்து வானத்தைப் பார்த்தபடி வட்டமிட்டுத் தடுமாறியது. மூன்றாவது, கால்கள் விறைக்க, கழுத்து முதுகுப்பக்கம் வளைய, பக்கவாட்டில் கிடந்து பல்லை நறநறத்தது. அதன் உதட்டோரம் சிவப்பு டானிக் காய்ந்திருந்தது.

டாக்டரம்மா, நின்றிருந்த கிடாவின் கண்ணருகே விரல்களைச் சட்டென்று கொண்டுபோனார். இமைக்கவில்லை. கைவிளக்கை அடித்தார். கருமணி சுருங்கியது.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளைக்குத்தான் தெரியல." தீனித்தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். மக்காச்சோள மாவு விளிம்பு வரை குவிந்து, ஈரத்தில் கட்டிதட்டிக் கிடந்தது. புல்லின் சுவடே இல்லை. "இது என்னண்ணே?"

அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். குற்றம் செய்தவரின் முகமாக அது இல்லை. பரிசு கிடைக்குமென்று காத்திருந்தவரின் முகமாக இருந்தது.

"நீ சொன்னதுதான். உள்ள கோடிக்கணக்கான சமையல்காரங்க இருக்காங்கன்னு நீதானே சொன்ன? சரி, டானிக்கு வேணாம், சமையலுக்குச் சாமான் குடுப்போம்னு மளிகை இறக்கினேன். ஒடஞ்ச மூட்டையெல்லாம் இங்கதான். ரெண்டு வாரத்துல கும்முனு ஆக்கி உன்முன்னால கொண்டுவந்து நிறுத்தி, 'பாரு, நீ சொன்னது சரிதான்'னு சொல்லலாம்னு இருந்தேன்."

டாக்டரம்மா தொட்டியிலிருந்து ஒரு கட்டி மாவை எடுத்து முகர்ந்துவிட்டுக் கீழே போட்டார். இத்தனை ஆண்டுகளில், அவர் அண்ணனைத் திட்டாமல் விட்டதை அன்றுதான் கண்டேன்.

பிறகு பேசியபோது குரலில் இரைச்சல் இல்லை. புல்லுக்குப் பழகிய வயிற்றில் திடீரென்று மாவைக் குவித்தால் உள்ளே கடும் புளிப்பு ஏறிவிடும். பி-1 தயாரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். பி-1ஐச் சிதைக்கும் வேறு வகை பெருகும். மூளைக்குச் சர்க்கரையை எரிக்க பி-1 வேண்டும். அது கிடைக்காமல் போனால் மூளை வீங்கிப் பார்வை அணையும்.

"அப்ப பி வைட்டமின் வேணும்ங்கிற" என்றார் அண்ணன், மெல்ல. "அதத்தானே நான் ஊத்தினேன்?"

"நீ வாயில ஊத்துனது அந்தப் புளிச்ச குளத்துலதான் போய் விழும். அங்க இருக்கிறவன் அதையும் ஒடச்சிப் போட்டுடுவான். அதுலயும் பி-1 இருக்கிறது மூக்குப்பொடி அளவு. ரத்தத்துல போகணும், ஊசியா, நெறைய. உடனே." சொல்லிக்கொண்டே மருந்தகத்துக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது. அலமாரியில் பி-1 ஊசி இல்லை.

இந்த இடத்தில் என் சினத்தையும் பதிவு செய்யாமல் இருக்க இயலவில்லை. அந்த ஊசியை அவர் பலமுறை கேட்டு எழுதியவர். மேலிடத்திலிருந்து வந்த பதிலை என்னிடம் படித்தே காட்டியிருக்கிறார்: 'வளர்ந்த அசைபோடும் கால்நடைகள் பி வைட்டமின்களைத் தாமே உற்பத்தி செய்துகொள்வதால் மேற்படி ஊசிமருந்துக்குத் தேவை எழவில்லை.' இந்த விடையைச் சுமந்து வந்த அதே வண்டியில்தான் பி வைட்டமின் டானிக் பெட்டிகளும் வந்து இறங்கின. தானே செய்துகொள்கிறது என்பது தெரிந்திருந்தால் டானிக் எதற்கு? தெரிந்திராவிட்டால் ஊசியை மறுத்தது எதற்கு? ஆரோக்கியமான மாட்டுக்கு அள்ளிக்கொடுக்கவும், சாகக்கிடக்கும் ஆட்டுக்குக் கையை விரிக்கவும் ஒரே அறிவு எப்படிப் பயன்படுகிறது என்பதை, அந்தக் கையொப்பத்துக்கு உரியவர் எவராயினும், அந்த முற்றத்துக்கு வந்து நின்று அண்ணியிடம் விளக்கியிருக்கவேண்டும்.

"அண்ணே, மனுஷங்களுக்குப் போடுற பி-1 ஊசி மருந்துக்கடையில இருக்கும். இருக்கிற அத்தனையையும் வாங்கிட்டு வா. ஓடு."

அண்ணன் கல்லாவைப் பூட்டாமலே ஓடினார். அவர் வருவதற்குள் டாக்டரம்மா சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, நிற்கும் இரண்டு கிடாக்களுக்கும் சிறிது சிறிதாகப் புகட்டினார். கிடந்ததைப் புரட்டி, நெஞ்சு தரையில் படும்படி வைக்கோல் மூட்டையால் அண்டை கொடுத்தார். தீனித்தொட்டியைக் காலால் கவிழ்த்தார்.

அண்ணன் மூச்சிரைக்க வந்தார். "ஒரு பொட்டலமாக் கட்டிக் குடுத்துட்டான். 'யாருக்கு?'ன்னான். வீட்டுலன்னேன். 'எத்தனை பேருக்கு?'ன்னான். மூணு பேரு, எல்லாரும் ஆம்பளைங்கன்னேன். 'மூணு பேருக்கும் கைகால் மரத்துப் போச்சா? டாக்டர் பாத்தாரா?'ன்னு விடமாட்டேங்கிறான். எந்தங்கச்சிதான் டாக்டருன்னு சொன்னதும் வாய மூடிட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. சின்னஞ்சிறு கண்ணாடிக்குப்பிகளை ஒவ்வொன்றாக உடைத்து, ஊசியில் இழுத்து, கழுத்துநரம்பில் மெல்லச் செலுத்தினார் டாக்டரம்மா. உடைந்த கண்ணாடி விரலைக் கிழித்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க பசு அசைபோட்டுக்கிட்டிருக்கா?"

"இந்நேரம் போட்டுக்கொண்டுதான் இருக்கும்."

"அது கொஞ்சம் சமையல்காரங்களக் கடன் குடுக்கணும். அண்ணே, வா. வாயப் புடி."

எங்கள் பசு வயிற்றிலிருந்து எதுக்கி வாய்க்குக் கொண்டுவந்த பசும் உருண்டையை, அசைபோடும் நேரத்தில் டாக்டரம்மா அதன் கன்னத்துக்குள் கைவிட்டு அப்படியே அள்ளி எடுத்தார். வாயைப் பிடித்திருந்த அண்ணனின் சட்டை முழுவதும் எச்சில். அந்த உருண்டையை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, கிடாக்களுக்கு ஊட்டினார். மடிந்துபோன நுண்ணுயிர்களுக்குப் பதிலாக உயிருள்ளவற்றைக் குடியேற்றும் வழி அது. தன் வயிற்றுச் சரக்கை இப்படிப் பட்டப்பகலில் கொள்ளையடித்ததை எங்கள் பசு நெடுநேரம் மன்னிக்கவில்லை.

நண்பகலில் மூன்றாவது கிடா ஒருமுறை நடுங்கி, அடங்கிவிட்டது.

அதுவரை தண்ணீர் கொண்டுவருவதும் கால்களைப் பிடிப்பதுமாக இருந்த அண்ணி, அதன் கண்களை மூடிவிட்டு எழுந்தார். கணவரைத் தாண்டி நடந்து டாக்டரம்மாவிடம்தான் வந்தார்.

"நேத்து ஊசி போட்டிருந்தா?"

"பொழச்சிருக்கும் அண்ணி."

"அவரு உன்ன ஏன் கூப்புடலைன்னு தெரியுமா? நீ திட்டுவேன்னு. ஏன் மாவக் கொட்டினாருன்னு தெரியுமா? நீ சொன்னது சரின்னு உன்கிட்டயே காட்டணும்னு. அவரு விக்கிறதுக்குப் பேசுறாரு. நீ ஜெயிக்கிறதுக்குப் பேசுற. ரெண்டு பேரும் தெருவுக்கு அந்தாண்டையும் இந்தாண்டையும் நின்னுக்கிட்டு வயிறு, வயிறுன்னு கத்துறீங்களே, எவ வீட்டுக் கிடா வயிறுன்னு ஒருநாளாவது இந்த முற்றத்துல வந்து கைவெச்சுப் பாத்தியா நீ?"

"இல்ல அண்ணி."

"அடுப்படிங்கிற. சமையல்காரங்கங்கிற. அடுப்படியில நிக்கிறவ நானு. ஒரேயடியா மூட்டை மூட்டையாக் கொண்டாந்து கொட்டுனா அடுப்பு அணைஞ்சிடும்னு எனக்குத் தெரியும். என்கிட்ட யாரு கேட்டீங்க?"

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தப்பு எம்மேலதான்" என்று முனகினார்.

"உங்க மேல இல்லைன்னு யாரு சொன்னா?" என்றார் அண்ணி. "போயி குழி வெட்டுங்க."

அவர் போனார். அன்றைக்கு அதன்பிறகு கடை திறக்கவில்லை.

டாக்டரம்மா அதற்குப் பிறகு ஓர் உவமையும் கூறவில்லை. மாலையில் வந்தார், ஊசி போட்டார், முட்டியை இடப்பக்கப் பள்ளத்தில் வைத்துக் காத்திருந்தார், போனார். மறுநாளும் அப்படியே. தாமே எங்கோ போய்ப் புல்லறுத்துக்கொண்டு வந்து, தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கண்தெரியாத கிடாவின் உதடுகளுக்கிடையே ஒவ்வொரு புல்லாகச் செருகினார். அண்ணி பக்கத்திலேயே மற்றொரு கிடாவுக்கு அதையே செய்துகொண்டிருந்தார். மருந்தகத்தில் டானிக் பெட்டிகள்மேல் காத்திருந்தவர்கள், "என்னய்யா இது, சுடுதண்ணி ஆறிப்போச்சு?" என்று கவலையோடு விசாரித்துக்கொண்டார்கள்.

அண்ணன் மட்டும் மறுபடி கடை திறந்ததும் சிவப்புப் புட்டிகளை விற்கத்தான் செய்தார். "கேக்குறாங்களே, என்ன பண்ண?" என்றார் என்னிடம், கண்ணைப் பார்க்காமல். மனிதர் ஒரே நாளில் மாறிவிடுவதாக எழுதினால் வாசகர் மகிழ்வர். நான் பார்த்தது இதுதான். எதிர்ப்புறத்திலிருந்து குரல் வருமென்று, ஒவ்வொரு புட்டியையும் விற்கும்போது அவர் ஒரு கணம் தெருவைப் பார்ப்பார். குரல் வரவில்லை. அது அவரை மிகவும் வாட்டியதென்று நினைக்கிறேன்.

சுவரை முட்டிக்கொண்டு நின்ற கிடா முதலில் தேறிற்று. தலையைத் தாழ்த்தித் தொட்டியை முகர்ந்து, தானாகப் புல்லைக் கடித்தது. ஆனால் புட்டிப்பால் குடித்து வளர்ந்த கிடாதான் அண்ணியின் செல்லம். தின்றது, அசைபோட்டது, நின்றது. கண் மட்டும் திறந்தபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. குருட்டுக் கிடாவை யாரும் வாங்க வரமாட்டார்கள் என்பதைவிட, தம் குரல் கேட்கும்போதெல்லாம் அது தவறான திசையில் தலையைத் திருப்பியதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

நம்பிக்கை தளர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், நான் முற்றத்துக் கதவைத் திறந்துவிட, டாக்டரம்மா ஊசியை ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். புட்டிப்பால் கிடா வாயிற்பக்கம் முகத்தைத் திருப்பிற்று. ஊசியைக் கண்டது. மறுகணம் நான்கு கால்களாலும் துள்ளி, டாக்டரம்மாவின் வயிற்றில் மோதி, அவரைச் சாணிச்சேற்றில் மல்லாத்திவிட்டு, முற்றத்தின் மறுகோடிக்குப் போய் நின்று, அவரையே முறைத்துப் பார்த்தது.

"பாத்துடுச்சு" என்றார் டாக்டரம்மா, சேற்றில் கிடந்தபடியே. "அண்ணி, என்னப் பாத்துடுச்சு."

அண்ணி கிடாவிடம் போகவில்லை. டாக்டரம்மாவின் கையைப் பற்றி இழுத்து எழுப்பி நிறுத்தினார். தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நெற்றியிலும் கன்னத்திலும் அப்பியிருந்த சாணியை, அடம்பிடிக்கும் பிள்ளைக்குத் துடைப்பதைப்போல அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினார். கண்களை இறுக மூடிக்கொண்டு, வாய் திறக்காமல், முகத்தை நன்றாகத் தூக்கிக் காட்டியபடி நின்றார் டாக்டரம்மா.